பேராசிரியர் இல்லாத தீவின் அறிஞர்கள்

போன மழைக்காலத்தில் அண்ணன் மகள் சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாள். தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதும் பழக்கம் கல்லூரியில் அவளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தமான் நிக்கோபாரைப் பற்றி எழுதிய அறிஞர்களில் யார் யாருக்குத் தனிப் பக்கம் வேண்டும் என்று என்னிடம் கேட்டாள். யோசிக்காமல் முதல் பெயரைச் சொன்னேன்: வேதப்பன் சாலமன்.

"யாரு அத்தை அவரு? பேராசிரியரா?"

"இல்லம்மா. உபதேசியார்."

"அப்ப கஷ்டம். ஆய்வாளர்னு போட்டா எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்காங்கன்னு கேப்பாங்க. என்ன விருது வாங்கினாரு, எங்க வேலை பார்த்தாருன்னு கேப்பாங்க."

அவள் கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் போர்ட் பிளேரில் தமிழ்வழி மாணவர்களுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்தவள் நான். அப்பா ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்து சாத்தம் மரமில்லில் வேலைக்குச் சேர்ந்தவர். நான் பிறந்தது ஹாடோவில். இந்த ஊருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிய பிறகும் என் வாயில் போர்ட் பிளேர்தான் வருகிறது. இந்த மண்ணில் உட்கார்ந்து எழுதியவர்களில் யார் அறிஞர், யார் இல்லை என்று முடிவு செய்யும் அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் முதல்முறையாக யோசித்தேன்.

விக்கிப்பீடியர்கள் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: குறிப்பிடத்தக்கமை. ஆங்கில விக்கிப்பீடியாவில் கல்வியாளர்களுக்கென்றே தனி வரையறை உண்டு. கல்லூரியில் பாடம் நடத்துவதோ ஆய்வுக் கட்டுரைகள் வெளியிடுவதோ மட்டும் போதாது. அவருடைய ஆய்வு அந்தத் துறையையே பாதித்திருக்க வேண்டும், அல்லது அவர் பெரிய விருது பெற்றிருக்க வேண்டும், அல்லது கடுமையாகத் தேர்ந்தெடுக்கும் அறிவியல் கழகம் ஒன்றில் உறுப்பினராக இருக்க வேண்டும். பெரிய பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பு, புகழ்பெற்ற ஆய்விதழின் தலைமை ஆசிரியர் பணி, கல்வி உலகத்துக்கு வெளியே ஏற்படுத்திய மாற்றம் ஆகியவையும் கணக்கில் வரும். இவற்றில் ஒன்றாவது பொருந்த வேண்டும். அது பொருந்துகிறது என்பதற்கு நம்பத்தக்க, வெளியான சான்று வேண்டும்.

இந்த விதி எதற்கு என்பதும் எனக்குப் புரிகிறது. அது இல்லையென்றால் அவரவர் தம் பெயரை எழுதிக்கொள்வார்கள், களஞ்சியம் தெருமுனை ஃபிளெக்ஸ் பலகையாகிவிடும். ஆனால் இந்த விதி மனதில் வைத்திருப்பது பல்கலைக்கழகம் உள்ள ஊரை. எங்கள் தீவுகளில் கல்லூரி என்று ஒன்று, ஜவாஹர்லால் நேரு ராஜ்கீய மகாவித்யாலயா, வந்ததே 1967-இல்தான். 1858 மார்ச்சில் ஆங்கிலேயர் கைதிகளை இறக்கிக் குடியேற்றம் தொடங்கியதிலிருந்து கணக்கிட்டால், நூறு ஆண்டுகளுக்கு மேல் இங்கே பேராசிரியர் பதவி என்ற ஒன்றே கிடையாது. அந்த நூறு ஆண்டில் இங்கே எழுதப்பட்டவை உலகம் இன்றும் படிக்கிறவை.

முதலில் எழுதியவர்கள் கைதிகள். 1857 எழுச்சியில் பங்கு கொண்டதற்காக ஆயுள் தண்டனை பெற்று வந்த ஃபஸ்லே ஹக் கைராபாதி, தர்க்க சாஸ்திரத்தில் வட இந்தியா அறிந்த பெரும் புலமையாளர், கவிஞர் காலிப்பின் நண்பர். அந்த எழுச்சியின் கதையை அவர் இங்கே இருந்தபடி அரபு மொழியில் எழுதினார். 1861-இல் இந்த மண்ணிலேயே இறந்தார், அவருடைய அடக்கத்தலம் இங்கே இருக்கிறது. அவரோடு கைதியாக இருந்த முஃப்தி இனாயத் அகமது காகோர்வி, கையில் நூலகம் எதுவும் இல்லாமல் அரபுச் சொல்லிலக்கணம் பற்றி 'இல்முஸ் ஸீகா' என்ற பாடநூலை இங்கே எழுதினார். இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் மதரஸா மாணவர்கள் இன்றும் அதைப் படித்துத்தான் அரபு வினைச்சொற்களைக் கற்கிறார்கள். அடுத்து 1866-இல் வந்த ஜாஃபர் தானேசரி, தண்டனைக் காலத்திலேயே எழுத்தர் வேலை பார்த்து, வெள்ளை அதிகாரிகளுக்கு உருது சொல்லிக்கொடுத்து, இந்தக் குடியேற்றத்தின் வரலாற்றை எழுதினார். விடுதலையான பிறகு 'காலா பானி' என்று நாம் அறியும் தன் கதையையும் எழுதினார்.

இவர்களை எந்தப் பல்கலைக்கழகமும் பதவியில் வைக்கவில்லை. இவர்களுடைய எழுத்தைப் படித்தவர்கள்தான் இவர்களை அறிஞர்களாக்கினார்கள்.

அடுத்து வந்தவர்கள் அதிகாரிகள். எட்வர்ட் ஹொரேஸ் மேன் 1869-இல் வந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தமானிலும் நிக்கோபாரிலும் வேலை பார்த்து 1901-இல் ஓய்வு பெற்றார். கோர்ட்டும் கச்சேரியும் முடிந்த நேரத்தில் அவர் சேர்த்த சொற்கள்தான் பின்னாளில் அந்தமான் மொழிக்கும் மத்திய நிக்கோபார் மொழிக்கும் அகராதிகளாயின. அந்தமானியர் பற்றி 1880-களில் அவர் எழுதிய நூலைத் தொடாமல் அந்தத் துறையில் யாரும் நுழைய முடியாது. ஏ. ஆர். ராட்கிளிஃப்-பிரௌன் 1906 முதல் 1908 வரை இங்கே தங்கி ஆய்வு செய்து 1922-இல் 'தி அந்தமான் ஐலண்டர்ஸ்' வெளியிட்டார். அவர் பேராசிரியர், மானுடவியலின் தூண்களில் ஒருவர். எந்த அளவுகோலை வைத்தாலும் தேறிவிடுவார். ஆனால் அவர் வந்து இறங்கியபோது கையில் இருந்த அடிப்படை, மேன் போன்ற பதவி அதிகாரிகள் எழுதி வைத்ததுதான். இருவருக்கும் பக்கம் இருக்கிறது. ஒருவர் பட்டத்தால் வந்தார், மற்றவர் தான் எழுதியதற்கு இருந்த தேவையால் வந்தார்.

இந்த இரண்டாவது வாசல் வழியாகத்தான் சாலமனை அழைத்து வர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

வேதப்பன் சாலமன் சென்னைப் பக்கத்துத் தமிழர். ஆங்கிலிக்கன் சபையின் உபதேசியார். 1890-களின் நடுவில் அவரைக் கார் நிக்கோபாரின் முஸ் கிராமத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் அரசின் ஏஜென்ட்டும் ஆனார். தேங்காய் ஏற்ற வரும் கப்பல்களைக் கணக்கெழுத வேண்டும், வானிலையைக் குறிக்க வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்த வேண்டும், நோயாளிக்கு மருந்து கொடுக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் ஒரு நாட்குறிப்பு. சாவு வீட்டுச் சடங்கு, பன்றி விருந்து, பேயோட்டுதல், சௌரா தீவுக்குப் பானை வாங்கப் போகும் ஓடங்கள் என்று கண்ணெதிரே நடந்ததை அன்றன்றே எழுதினார். நிக்கோபார் தீவுகளில் மண்பானை வனைவது சௌராவில் மட்டும்தான். கார் நிக்கோபார்க்காரர்கள் கடல் கடந்து போய்ப் பானை வாங்கி வருவதற்கு நாளும் முறையும் விலக்கும் உண்டு. இப்படிப்பட்ட வழக்கங்களை ஆண்டுக்கணக்கில் அங்கேயே வாழ்ந்து பார்த்தவர் எழுதுவதற்கும், ஒரு மாதம் கூடாரம் போட்டுத் தங்கிப் போனவர் எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை வரலாறு படித்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நாட்குறிப்பின் பகுதிகள் 1902-இல் லண்டனில், மானுடவியல் கழகத்தின் ஆய்விதழில் அச்சாயின. பின்னர் கார் நிக்கோபாரில் பாதிரியாராக இருந்த ஜார்ஜ் வைட்ஹெட் 1924-இல் நிக்கோபார் பற்றித் தம் நூலை எழுதியபோது சாலமன் போட்ட அடித்தளத்தின் மேல்தான் நின்றார். சாலமனின் பள்ளியில் படித்த நிக்கோபாரிச் சிறுவன் ஒருவன் மேற்படிப்புக்கு மாண்டலே போனான், திரும்பி வந்து ஆசிரியரானான், புதிய ஏற்பாட்டை நிக்கோபாரி மொழியில் தந்தான், 1952-இல் இந்தத் தீவுகளின் முதல் மக்களவை உறுப்பினரானான், பின்னர் இங்கே முதல் பிஷப்பும் ஆனான். அவர்தான் ஜான் ரிச்சர்ட்சன். ஜப்பானியர் இந்தத் தீவுகளைப் பிடித்திருந்த காலத்தில் அவர் பட்ட சித்திரவதையை இன்றும் கார் நிக்கோபாரில் சொல்வார்கள். ரிச்சர்ட்சனுக்குப் பக்கம் வேண்டுமா என்று யாரும் கேட்கமாட்டார்கள். அவருக்கு எழுத்தைக் கையில் பிடித்துக் கொடுத்த ஆசிரியருக்கு வேண்டுமா என்பதுதான் என் அண்ணன் மகளின் கேள்வி.

1902 என்ற ஆண்டை நான் இரண்டு முறை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். சாலமன் எழுதியதை லண்டன் அச்சிட்ட அதே ஆண்டில்தான் யாழ்ப்பாணத்தில் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் 'அபிதான கோசம்' வெளிவந்தது. தமிழில் கலைக்களஞ்சியம் என்று சொல்லத்தக்க முதல் நூல் அது. யாரைச் சேர்ப்பது என்று தமிழர்கள் அதற்கும் முன்பே யோசித்திருக்கிறார்கள். சைமன் காசிச்செட்டி 1859-இல் தமிழ்ப் புலவர்களின் வாழ்க்கையைத் தொகுத்து ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886-இல் 'பாவலர் சரித்திர தீபகம்' தந்தார். அவர்கள் காலத்தில் பல புலவர்களுக்கு ஓலைச் சுவடியும் செவிவழிச் செய்தியும்தான் சான்று. சில புலவர்களுக்குப் பெயரும் ஒரு தனிப்பாடலும் தவிர வேறொன்றும் இல்லை. அதற்காக அவர்களை விட்டுவிடாமல் கிடைத்ததை எழுதி வைத்தார்கள். அவர்கள் எழுதி வைக்காதிருந்தால் அந்தப் பெயர்களில் பல இன்று நமக்குத் தெரிந்திருக்காது.

ஆ. சிங்காரவேலு முதலியார் தனி ஒருவராகப் பல்லாண்டு உழைத்து எழுதிய 'அபிதான சிந்தாமணி' அச்சேற்ற ஆளில்லாமல் கிடந்தது. மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பாண்டித்துரைத் தேவர் கைகொடுத்த பிறகே 1910-இல் வெளிவந்தது. சுதந்திரத்துக்குப் பின் தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனைத் தலைமை ஆசிரியராக வைத்து, 1954 தொடங்கி 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் கொண்டுவந்தது. அப்போது சேர்ப்பதும் விடுவதும் ஒரு அறைக்குள் அமர்ந்த அறிஞர் குழுவின் பொறுப்பு. 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியபோது அந்த அறையின் கதவு திறந்துவிட்டது. 2017-இல் அதன் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. இன்று கல்லூரி மாணவி ஒருத்தி பக்கம் தொடங்கலாம், அதை நீக்க வேண்டும் என்று முன்மொழியவும் யாராலும் முடியும். தாள் செலவு இல்லாததால் இடப்பற்றாக்குறை இல்லை. ஆனால் சான்று வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் முன்பைவிட இறுகியிருக்கிறது.

இறுகிய நிபந்தனையால் நேர்ந்த பிழைக்கு உலகம் அறிந்த உதாரணம் டோனா ஸ்டிரிக்லண்ட். கனடா நாட்டு இயற்பியலாளர். 2018 மே மாதம் ஆங்கில விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றிய வரைவைப் போதிய சான்று இல்லை என்று ஏற்காமல் விட்டார்கள். அக்டோபர் 2 அன்று அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். இயற்பியலில் அந்தப் பரிசு பெற்ற மூன்றாவது பெண் அவர். அதற்கு முன்பே அவர் அமெரிக்க ஒளியியல் கழகத்தின் தலைவராக இருந்தவர். தகுதி இருந்தது, ஆனால் அந்தத் தகுதியைப் பற்றி எழுத யாரும் முன்வரவில்லை.

இதே கதை எங்கள் கடலிலும் நடந்தது. மதுமாலா சட்டோபாத்யாயா, ஹௌரா அருகே ஷிப்பூரில் பிறந்தவர். இந்திய மானுடவியல் அளவாய்வுத் துறையின் ஆய்வாளராக இங்கே வந்தார். அந்தத் துறைக்குப் போர்ட் பிளேரில் 1951 முதல் மையம் உண்டு. ஆபத்தான இடத்துக்குப் போகிறாள் என்று அறிந்தே பெற்றோர் கையெழுத்திட்டு அனுப்பினார்கள். 1991 ஜனவரி 4 அன்று, வெளியாரை அண்டவிடாத மக்கள் வாழும் வடக்கு சென்டினல் தீவுக்கு அருகே சென்ற குழுவில் அவர் ஒருவரே பெண். மிதக்கவிட்ட தேங்காய்களைத் தீவுவாசிகள் வந்து எடுத்தார்கள். கரையில் இருந்த இளைஞன் ஒருவன் தன்னை நோக்கி அம்பை எய்தபோது பக்கத்தில் நின்ற பெண் அவனைத் தள்ளிவிட்டதால் குறி தப்பியது என்று அவர் பின்னர் சொல்லியிருக்கிறார். அன்று அவரும் தண்ணீரில் இறங்கித் தேங்காயைக் கையோடு கொடுத்தார். கார் நிக்கோபார் மக்களைப் பற்றியும் நூல் எழுதினார். அந்த வகையில் சாலமனின் நாட்குறிப்புக்கு அவர் வாரிசு. பின்னர் டெல்லியில் சமூக நீதி அமைச்சகத்தில் அதிகாரியாகிக் கோப்புகளோடு இருந்தார். 2018 நவம்பரில் அமெரிக்க இளைஞர் ஒருவர் அனுமதியின்றி அந்தத் தீவுக்குப் போய் உயிரிழந்த பிறகுதான் பத்திரிகைகள் மதுமாலாவைத் தேடிக்கொண்டு ஓடின. நடுவில் இருபத்தேழு ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் அவருடைய பணியின் மதிப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதைப் பற்றி எழுத ஒரு மரணம் தேவைப்பட்டது என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை.

இன்னொருவரையும் நினைக்கிறேன். மொழியியலாளர் அன்விதா அப்பி, ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பேராசிரியர், பெரிய அந்தமானிய மொழிக்கு அகராதியும் இலக்கணமும் எழுதியவர். 2013-இல் பத்மஸ்ரீ பெற்றார். எல்லா விதியிலும் தேறுகிறவர். அவருக்குச் சொற்களைக் கொடுத்தவர்களில் ஒருவர் போவா சீனியர், பெரிய அந்தமானிய மொழிகளில் ஒன்றான போ மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர். சுனாமியிலும் பிழைத்தவர். பேச ஆளில்லாமல் பறவைகளோடு பேசிய கிழவி. 2010 ஜனவரியில், எண்பத்தைந்து வயதில், அவர் இறந்ததை உலகச் செய்தி நிறுவனங்கள் எழுதின. அதற்குப் பிறகு அவர் பெயரும் களஞ்சியங்களுக்குள் வந்தது. தன் மொழியின் முழு அறிவையும் தலைக்குள் வைத்திருந்தவரைக் கல்வியாளர் வரிசையில் வைக்க எந்த விதியும் இடம் தரவில்லை. அந்த மொழியைப் பற்றி எழுதிய கல்வியாளரோ அவர் சொன்னதைக் கேட்டு எழுதிக்கொண்டவர்.

மேற்கோள் எண்ணிக்கை என்பதும் பழைய காலத்து அளவுகோல் அல்ல. யூஜின் கார்ஃபீல்ட் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டது 1964-இல். ஒருவருடைய மொத்த ஆய்வையும் ஒற்றை எண்ணில் சொல்லும் ஹெச்-குறியீட்டை ஜார்ஜ் ஹிர்ஷ் முன்மொழிந்தது 2005-இல். இயற்பியலாளர்களை ஒப்பிட அவர் செய்த கணக்கு அது. 1902-இல் கார் நிக்கோபாரில் எழுதியவரை அதில் நிறுத்துவது, முழக்கோலால் அரிசி அளப்பது போல.

சான்று என்ற சொல்லும் தீவில் வேறு எடை பெறுகிறது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆக்கிரமிப்பில் இங்கிருந்த பழைய ஆவணங்களில் பெரும்பகுதி அழிந்தது. 2004 டிசம்பர் 26 காலையில் கார் நிக்கோபாரின் கரையோரக் கிராமங்களைக் கடல் எடுத்துக்கொண்டது. என்னோடு ஆசிரியையாக இருந்த நிக்கோபாரித் தோழி ஒருத்தி, தாத்தா காலத்துக் கடிதங்கள் இருந்த தகரப்பெட்டி போன நாளைச் சொல்லும்போது, வீடு போனதைச் சொன்னதைவிட அதிகமாக அழுதாள். மிஞ்சியதையும் வெளியுலகத்துக்குக் காட்ட எங்களிடம் வழி இருக்கவில்லை. சென்னையிலிருந்து கடலடி ஒளியிழை வடம், சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்தில், 2020 ஆகஸ்டில்தான் வந்தது. அதற்கு முன் செயற்கைக்கோள் இணைப்பில் ஒரு பக்கம் திறப்பதற்குள் மின்சாரம் போய்விடும். இப்போது கார் நிக்கோபாரிலும் கமோர்டாவிலும்கூட அந்த வடம் கரையேறியிருக்கிறது.

அதனால் விதியைத் தளர்த்தச் சொல்கிறேனா? இல்லை. சான்றில்லாமல் எழுதத் தொடங்கினால் சாலமன் நாளடைவில் கட்டுக்கதை ஆகிவிடுவார், அவரை நம்ப யாரும் இருக்கமாட்டார்கள். நான் கேட்பது விதிக்கு முன்னால் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை. இவர் எழுதியதை எடுத்துவிட்டால் நம் அறிவில் என்ன குறையும்? பதில் 'ஒன்றும் குறையாது' என்றால், அவர் எத்தனை பட்டம் வைத்திருந்தாலும் காத்திருக்கட்டும். பதில் 'ஒரு தீவின் ஒரு தலைமுறை வாழ்க்கை குறையும்' என்றால், சான்றைத் தேடி எடுத்துக் கொண்டுவருவது நம் வேலை. அவருக்காக யாராவது எழுதுவார்கள் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. பத்திரிகையில் ஒரு கட்டுரை, உள்ளூர் வரலாற்றில் ஓர் அத்தியாயம், பள்ளி ஆண்டு மலரில் இரண்டு பக்கம் என்று அச்சில் வந்தால்தான் களஞ்சியம் அதன்மேல் நிற்க முடியும். காசிச்செட்டியும் சதாசிவம்பிள்ளையும் புலவர்களுக்குச் செய்தது அதுதான். இந்தக் கட்டுரையை நான் எழுதுவதும் அதற்காகத்தான்.

மறுநாள் காலை அண்ணன் மகளோடு உட்கார்ந்தேன். அவள் தட்டச்சு செய்தாள், நான் சொன்னேன். முஸ் கிராமம், ஏஜென்ட் பணி, பள்ளி, வைட்ஹெட்டின் நூல், ரிச்சர்ட்சன் என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, "இதுக்கு அச்சுல ஆதாரம் இருக்கா அத்தை?" என்று கேட்டாள். இருந்ததை வைத்தோம். காதால் மட்டும் கேட்டதை, எனக்குப் பிடித்தமானதாக இருந்தாலும், எடுத்துவிட்டோம். சாலமனின் மாணவியாக நான் இருந்திருந்தால் அவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பார்த்ததை மட்டும் தேதி போட்டு எழுதியவர் அல்லவா.

கடைசியில் வகைப்பாடு கேட்டது. உபதேசியார், ஆசிரியர், அரசு ஏஜென்ட் என்று மூன்றையும் போட்டாள். நான்காவதாக என்ன போடலாம் என்று என் முகத்தைப் பார்த்தாள். அந்தக் காலத்து ஆய்வுகளில் பலவற்றில் தகவல் சொன்ன உள்ளூர்க்காரருக்குப் பெயரே இருக்காது. 1902 லண்டன் இதழ் அப்படிச் செய்யவில்லை, கட்டுரையின் ஆசிரியர் இடத்தில் வி. சாலமன் என்று அச்சிட்டிருக்கிறது.

"மானுடவியல் எழுத்தாளர்னு போடும்மா" என்றேன். போட்டாள்.